இரத்மலானை விறாந்தையில் மர்மக்கதைகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத் தலைவி அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது 'நாற்பது வயதுக்குப் பின் பெண்களின் ஆரோக்கியம்' பற்றிப் பேசும்படிதான் கேட்டார். டொக்டர் மேடையேறினால் வேறு எதைப் பேசுவது? சீனி, பிரஷர், கொலஸ்ரரோல். "அக்கா, அதைத்தான் கிளினிக்கில் காலை முதல் மாலை வரை பேசுகிறேன். இங்கே கொலையைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பெரிய ஆக்கள் எல்லாம் வருவினம், பார்த்துப் பேசு" என்றார். பார்த்துத்தான் பேசப் போகிறேன்.

இந்தப் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ராஜேஷ்குமாரின் பொக்கற் நாவல் ஒன்றை சமய பாடப் புத்தகத்துக்குள் வைத்து வாசித்து அகப்பட்டேன். ரீச்சர் அதைப் பறித்து மேசை லாச்சிக்குள் போட்டார். வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னைக் கூப்பிட்டுத் திருப்பித் தந்தார். "இனிக் கொண்டுவராதே" என்றவர், நான் வாசல் வரை போனதும் குரலைத் தாழ்த்தி, "நான் மனேஜரைத்தான் சந்தேகப்பட்டனான்" என்றார். அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

இப்போது எங்கள் குழுவைப் பற்றிச் சொல்கிறேன். 2022 ஆம் ஆண்டு உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. இரத்மலானையில் என் வீட்டு விறாந்தையில், என் வகுப்புத் தோழிகள் இருவரும் நானும் ஒரு மெழுகுதிரியைச் சுற்றி இருந்தோம். தொலைக்காட்சி இல்லை, கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை. ஒருத்தி கதை சொல்லத் தொடங்கினாள்: "ஒரு பெற்றோல் வரிசை. முன்னால் நிற்கும் காருக்குள் இருப்பவர் இரண்டு மணித்தியாலமாக அசையவில்லை..." மின்சாரம் வந்த பிறகும் நாங்கள் எழும்பவில்லை. அப்படித் தொடங்கியது. இன்று பதினொரு பேர். இளையவருக்கு 24 வயது, மூத்தவருக்கு 71. எல்லோரும் இந்தப் பாடசாலையின் பிள்ளைகள். குழுவுக்கு இதுவரை பெயர் இல்லை. பெயர் வைத்தால் செயலாளர், பொருளாளர் எல்லாம் வைக்க வேண்டிவரும் என்ற பயம்.

போயா தினங்களில் கூடுகிறோம், ஏனென்றால் அன்று எல்லோருக்கும் விடுமுறை. வெள்ளவத்தையிலிருந்து வருபவர்கள் 100 ஆம் இலக்க பஸ்ஸில் வருவார்கள், இல்லாவிட்டால் கரையோர ரயிலில். கொட்டாஞ்சேனைக்காரர் பாவம், புறக்கோட்டையில் மாறி வரவேண்டும். காற்று எங்கள் பக்கம் வீசினால் மலிபன் தொழிற்சாலையிலிருந்து பிஸ்கட் வேகும் வாசனை வரும். எங்கள் வாக்குப் பெட்டியும் ஒரு பழைய பிஸ்கட் டின்தான். ஒருவர் தன் கதையைக் கடைசிப் பக்கத்துக்கு முன்பு வரை வாசித்து நிறுத்துவார். மற்றவர்கள் யார் செய்தது, எதை வைத்துச் சொல்கிறோம் என்று துண்டில் எழுதி டின்னுக்குள் போடுவோம். பத்துப் பேரும் சரியாகச் சொன்னால் கதை அம்பலம். ஒருவருமே சொல்லாவிட்டால் எழுதியவர் எதையோ ஒளித்து வைத்து ஏமாற்றியிருக்கிறார் என்று நாங்கள் சண்டைக்குப் போவோம். இரண்டு மூன்று பேர் கண்டுபிடித்தால் நல்ல கதை. இவ்வளவுதான் எங்கள் விமர்சனக் கோட்பாடு.

இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1930 இல் லண்டனில் துப்பறியும் கதை எழுதுபவர்கள் ஒரு கழகம் வைத்தார்கள். முதல் தலைவர் செஸ்ரர்ரன். அகதா கிறிஸ்ரி, டொரதி சேயர்ஸ் எல்லோரும் அதில் இருந்தார்கள். வாசகரை ஏமாற்ற மாட்டோம் என்று சத்தியம் செய்துதான் உள்ளே போகலாம். அடுத்த வருடம் ஆளுக்கொரு அத்தியாயமாக ஒரே நாவலை எழுதி வெளியிட்டார்கள். நாங்களும் அப்படி ஒன்று தொடங்கினோம். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு தங்கச்சி துப்பறிபவரையே கொன்றுவிட்டதால் அது அத்தோடு நின்றது. 1986 இல் அமெரிக்காவில் சாரா பரெட்ஸ்கி முன்நின்று பெண் மர்ம எழுத்தாளர்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆண்கள் எழுதிய மர்ம நாவல்களுக்குப் பத்திரிகைகளில் கிடைத்த மதிப்புரை பெண்கள் எழுதியவற்றுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

தமிழில் எங்களுக்கு முன்னால் போன பெண் ஒருவர் இருக்கிறார். வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901 இல் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், ஆறு வயது நிறையுமுன் கலியாணம் செய்து வைக்கப்பட்டவர். முதலில் அவர் சொல்லச் சொல்ல பட்டம்மாள் என்ற தோழிதான் எழுதினார். 1925 இல் 'ஜகன்மோகினி' சஞ்சிகையை எடுத்து நடத்தி, அதில் 'வைதேகி' என்ற மர்ம நாவலைத் தொடராக எழுதினார். பிறகு நூறுக்கு மேல் நாவல்கள். நூறு வருடம் கொண்டாடும் இந்த மண்டபத்தில் அந்தப் பட்டம்மாளையும் ஒருமுறை நினைக்க வேண்டும் என்று தோன்றியது. வகுப்பில் எனக்கு நோட்ஸ் எழுதித் தந்த என் பட்டம்மாள் இப்போது கனடாவில் இருக்கிறாள்.

அவருக்கு முன்பு 1894 இல் நடேச சாஸ்திரி 'தானவன்' எழுதினார். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார். தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த் எல்லோரும் கப்பலேறி வந்து எங்கள் வீட்டு அலுமாரிகளில் குடியிருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகள் வருவது கட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி இங்குள்ளவர்களின் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. அவற்றில் மர்ம நாவல்களும் இருந்தன. ஆனால் கொழும்பில் நடக்கும் தமிழ்த் துப்பறியும் கதை என்று ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், சபையில் எத்தனை பேர் கை உயர்த்துவீர்கள்? எங்கள் குழுவிலும் முதல் ஆறு மாதம் எல்லோருடைய கதையும் சென்னையில்தான் நடந்தது. மயிலாப்பூரை ஒருநாளும் கண்டிராத பிள்ளை மயிலாப்பூரில் கொலை செய்தாள்.

கதையைக் கொழும்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் வேலை தொடங்கியது. என் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கிலக் கதைகளில் டொக்டர் உடலைத் தொட்டுப் பார்த்து, "இறந்து ஐந்து மணித்தியாலம்" என்பார். அது குளிர் நாட்டுக் கணக்கு. உயிருள்ள உடம்பின் சூடு 37 பாகை. கொழும்பில் மதிய வெளிச் சூடு 30 பாகை. ஏழு பாகை வித்தியாசத்தில் உடல் எவ்வளவு வேகமாகக் குளிரும்? மிக மெதுவாகத்தான். விறைப்போ இங்கே சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். ஆகவே இரத்மலானையில் இறந்தவரை எடின்பரோ மணிக்கூட்டால் அளக்க முடியாது.

இது வெறும் கதைக்காரர் கவலை அல்ல. 1951 ஒக்ரோபர் 9 ஆம் திகதி, பம்பலப்பிட்டி சென் அல்பன்ஸ் பிளேஸில் ஒரு வீட்டில் ஓர் இளம் தாய் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். கணவர் புகழ்பெற்ற கிரிக்கெற் வீரர் சதாசிவம். அவர் மீது வழக்கு. அன்று காலை அவர் வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரத்துக்கு முன்பா பின்பா அந்தப் பெண் இறந்தார் என்பதிலேயே வழக்கு நின்றது. அரச தரப்பில் எங்கள் மருத்துவ பீடத்தின் சட்டமருத்துவப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம். எதிர்த்தரப்பில் கொல்வின் ஆர். டி சில்வா, அவருக்குச் சாட்சியாக எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித். 57 நாள் விசாரணை. 1953 யூனில் யூரிகள் சதாசிவம் குற்றவாளி அல்ல என்றார்கள். பின்னர் டி சேரமும் அவருடன் வேலை செய்தவர்களும், தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்கள் எப்படிக் குளிர்கின்றன என்று அளந்து வெளியிட்டார்கள். இறந்த நேரம் நிமிடத்துக்குத் தெரிந்த உடல்கள் வேறெங்கே கிடைக்கும்? வெப்ப நாட்டில் எடுக்கப்பட்ட அந்த அளவீடுகளை உலகின் மற்ற ஆராய்ச்சியாளர்களும் பயன்படுத்தினார்கள்.

ஒரு போயா தினம் முழுவதும் இந்த வழக்கை எடுத்து அலசினோம். பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலை வைத்துக்கொண்டு, கரும்பலகையில் நேர அட்டவணை போட்டோம். உற்சாகம் தாங்கவில்லை. யார் செய்திருப்பார்கள் என்று துண்டு போடுவோமா என்றாள் ஒருத்தி. அப்போது எங்கள் 71 வயது அக்கா, "டின்னை மூடுங்கோ" என்றார். "அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தவை. அந்தப் பிள்ளைகளுக்கு இது ஒரு போயாவில் முடிகிற விளையாட்டே?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை. உண்மையில், இரண்டு மணித்தியாலமாக நாங்கள் கிரிக்கெற் வீரர், சட்டத்தரணி, பேராசிரியர் எல்லோரையும் பேர் சொல்லிப் பேசினோம். இறந்த பெண்ணை 'பொடி' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் நான்தான் முதல் குற்றவாளி, வைத்தியசாலைப் பழக்கம். அன்று முதல் உண்மை வழக்குகளைப் படிப்போம், தீர்ப்புச் சொல்ல மாட்டோம் என்று வைத்துக்கொண்டோம். எழுதும் கதையிலும், இறந்தவர் இறப்பதற்கு முன் ஒரு பக்கமாவது உயிரோடு இருக்க வேண்டும்: என்ன சாப்பிட்டார், யாருக்குக் கடன் கொடுத்தார், எதற்குச் சிரித்தார். இந்தக் கட்டுப்பாடு வந்த பின் கதைகள் மெதுவாகின, ஆனால் பாதிக்கு மேல் உருப்பட்டன.

இன்னொரு கட்டுப்பாடு நான் பிடிவாதமாகக் கொண்டுவந்தது. நஞ்சின் பெயர், அளவு, அது எங்கே கிடைக்கும் என்ற விபரம் எதுவும் கதையில் வரக்கூடாது. என் முதல் நியமனம் கொழும்புக்கு வெளியே. ஒரு இரவு பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கட்டிலருகே இருந்து, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "ஒரு கதையில் வந்தது, மிஸ்" என்றாள். 1980களில் யாழ்ப்பாணத்தில் இரு இளம் பெண்கள், எங்கள் வேலிகளில் நிற்கும் ஒரு மரத்தின் விதையால் இறந்த செய்தி பரவியது. அதற்குப் பின் அதே விதையோடு வந்தவர்கள் வடக்கிலும், பிறகு நாட்டின் மற்றப் பகுதிகளிலும் வைத்தியசாலைகளை நிறைத்தார்கள். மரத்தின் பெயரை நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 1995 இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. மிக ஆபத்தான பூச்சிநாசினிகளை ஒன்றொன்றாகத் தடைசெய்ததால் அந்த எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்த ஒரு கணம் கடந்துபோகிறது, ஆள் பிழைக்கிறார். எழுதுபவர்கள் அதைத் திரும்பவும் கைக்கெட்ட வைக்கக்கூடாது. இப்படிப்பட்ட மனநிலையில் யாரையாவது தெரிந்தால், எங்களிடம் அழைத்து வாருங்கள். அல்லது 1974 முதல் கொழும்பில் இயங்கும் சுமித்ரயோவுக்கு அனுப்புங்கள். அங்கே பேசினால் போதும், யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

அகதா கிறிஸ்ரி நஞ்சைப் பற்றி எழுதவில்லையா என்று குழுவில் கேட்டார்கள். எழுதினார். முதலாம் உலகப் போரில் மருந்தகத்தில் வேலை செய்தவர், எல்லாம் தெரிந்தவர். 1961 இல் அவர் எழுதிய ஒரு நாவலில் தாலியம் நஞ்சின் அறிகுறிகள் வரும். 1977 இல் லண்டன் வைத்தியசாலையில் ஒரு கட்டார் நாட்டுக் குழந்தைக்கு என்ன நோயென்று டொக்டர்மாருக்குத் தெரியவில்லை. அந்த நாவலை வாசித்துக்கொண்டிருந்த தாதி ஒருவர்தான் தாலியமாக இருக்கலாம் என்றார். குழந்தை பிழைத்தது. அதனால் நாங்கள் செய்துகொண்ட சமரசம் இதுதான்: நோயாளிக்கு என்ன நடக்கிறது என்பதை எவ்வளவும் எழுதலாம். எப்படிச் செய்வது என்பதை எழுதக்கூடாது.

எங்கள் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன், எழுதியவள் அனுமதி தந்தாள். ஒரு தமிழ்ப் பெண் பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கிறாள். "அந்த நேரம் மாமாதான் வந்தவர்" என்கிறாள். அவள் சொன்னது மாமனாரை. எழுதியவர் சிங்களத்தில் 'மாமா' என்றே எழுதுகிறார், அங்கே அது தாய்மாமன். அவளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, கையொப்பம் வைக்கிறாள். தாய்மாமனைப் பிடிக்கிறார்கள். கதையில் வேறு துப்பே இல்லை, அந்த ஒரு சொல்தான். தமிழ் அரச கரும மொழியாகி 35 வருடத்துக்கு மேல். ஆனாலும் வாசிக்கத் தெரியாத தாளில் கையொப்பம் வைத்தவர்கள் இந்தச் சபையிலும் இருக்கலாம். அன்று டின்னுக்குள் இரண்டே துண்டுகள்தான் சரி. இரண்டும் சிங்களம் கற்பிக்கும் எங்கள் தோழிகளுடையவை.

இதையும் சொல்லாமல் விட முடியாது. 1983 ஆடியில் எனக்கு இரண்டு வயது. வெள்ளவத்தையில் எங்கள் வாடகை வீடு எரிந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இரத்மலானை முகாமுக்கு வந்தார். விமான நிலையத்துக் கொட்டகையில் ஆயிரக்கணக்கானவர்களோடு இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறை. முகாமில் இருந்தபோது ஒருநாள் யாரோ ஒரு பொடியன் வாசலில் ஒரு பொதியைக் கொடுத்து, அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பிரித்தால், அம்மாவின் சேலையில் சுற்றிய எங்கள் கலியாண அல்பம். ஓரம் கருகியிருந்தது. யார் அதை எரிகிற வீட்டிலிருந்து எடுத்தது? எப்படி முகாமைக் கண்டுபிடித்தார்கள்? அம்மா சாகும் வரை தெரியவில்லை. நான் எழுதிய முதல் கதை அதுதான். முடிவாக, அடுத்த வீட்டுச் சிங்கள மாமியின் மகன் என்று எழுதினேன். வாசித்து முடித்ததும் எல்லோரும் மௌனமாக இருந்தார்கள். பிறகு ஒருத்தி, "முடிவை வெட்டிவிடு, தெரியாமல் இருக்கிறதுதான் வடிவு" என்றாள். வெட்டினேன்.

ஆனால் அன்று எங்களில் இன்னொருத்தி எழும்பிச் சமையலறைக்குப் போய்விட்டாள். பின்னால் போனேன். அவளுடைய தம்பி 2008 இல் வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடந்ததுதான். பொலிஸ், ஆணைக்குழு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று அவளுடைய தாய் ஏறாத படி இல்லை. "தெரியாமல் இருக்கிறது வடிவு எண்டு சொல்லாதேங்கோ, அக்கா" என்றாள். தேயிலைக் கேத்தல் கொதித்து வழிந்தது. எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவள் இன்னும் எல்லாப் போயாவுக்கும் வருகிறாள். இதுவரை நான்கு கதை எழுதியிருக்கிறாள். நான்கிலும் கடைசிப் பக்கத்தில் எல்லாமே தெரிந்துவிடும், ஒரு முடிச்சுக்கூட மிச்சம் வைக்க மாட்டாள். விமர்சிப்பவர்கள் அது கொஞ்சம் அதிகம் என்பார்கள். நான் விமர்சிப்பதில்லை.

வர விரும்புபவர்களுக்குச் சில விபரங்கள். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் வெள்ளவத்தை 57 ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. பழைய நாவல்களுக்கு முதலில் அங்கே போங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் மின்னூலகம் இருக்கிறது. இலங்கையில் வெளிவந்த ஆயிரக்கணக்கான நூல்களை இலவசமாக வாசிக்கலாம். புதுக்கடை நீதிமன்றங்களில் திறந்த விசாரணைகளைப் பொதுமக்கள் இருந்து பார்க்கலாம். கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டு, பின்வரிசையில் ஒரு காலைப்பொழுது இருந்தால் நான்கு சங்கர்லால் நாவல் படித்த பயன் உண்டு. அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை, முக்கியமானது எல்லாம் முணுமுணுப்பில் நடக்கிறது. அதுவே எழுதுபவர்களுக்குப் பெரிய பாடம். சட்டம் படித்த பழைய மாணவி ஒருவரும், மருந்தாளர் ஒருவரும் எங்கள் சந்தேகங்களைத் தீர்க்கிறார்கள். பொலிஸ் துறையில் இருந்து ஓய்வுபெற்ற யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், அந்த இடம் காலியாக இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தாய்மார், மாமிமார் காலமான பின் அவர்களுடைய அலுமாரிகளை ஒதுக்கும்போது, பழைய நாவல்களையும் சஞ்சிகைகளையும் பேப்பர் போத்தல்காரருக்கு நிறுத்துக் கொடுக்காதீர்கள். அட்டை இல்லாவிட்டாலும், செல் அரித்திருந்தாலும் எங்களிடம் தாருங்கள், ஸ்கான் செய்து வைக்கிறோம். போன மாதம் 1970களின் வீரகேசரி நாவல் ஒன்று கிடைத்தது, கடைசி எட்டுப் பக்கம் இல்லை. யாரிடமாவது முழுப் பிரதி இருக்கலாம் என்று இங்கே கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் நேரத்தில் வாசலுக்கு இடப்பக்க மேசையில் இருக்கும். ரீச்சர், நீங்களும் ஒருக்கால் வந்து பாருங்கள்.